விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் பிள்ளைகளோடு விமான நிலையம்

வணிகப் பயணிகள் அதிகம் புழங்கும் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை ஓரளவு தானாகவே நகரும். அங்கே நிற்பவர்களில் பலருக்கு அது பழகிய வேலை. தங்கள் முறை வருமுன்பே பெல்ட்டைக் கழற்றி, மடிக்கணினியைக் கையில் எடுத்து வைத்திருப்பார்கள். ஒர்லாண்டோ, கான்குன், பால்மா தெ மயோர்க்கா, அந்தாலியா, டென்பசார் போன்ற விடுமுறைத் தலங்களின் விமான நிலையங்களில் நிலைமை வேறு. எப்போதோ ஒருமுறை விமானம் ஏறுபவர்கள், மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வந்த குடும்பங்கள், மூட முடியாமல் மூடிய பெட்டிகள், மடிக்க மறுக்கும் ஸ்ட்ரோலர்கள் (குழந்தைத் தள்ளுவண்டிகள்) என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். நம் பிள்ளை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அது என்பது ஆறுதல்தான். வரிசை அசையாமல் நிற்பதற்கும் அதே கூட்டம்தான் காரணம்.

நெரிசல் நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. பெரும்பாலான விடுதிகள் காலை பத்து முதல் பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்கின்றன. வாரக் கணக்கில் வீடு வாடகைக்கு விடும் கடற்கரை ஊர்களில் சனிக்கிழமைதான் பழையவர்கள் கிளம்பிப் புதியவர்கள் வரும் நாள். விமானங்களின் நேரமும் இதை ஒட்டியே அமைந்திருப்பதால், ஊரே ஒரு சில மணி நேரத்துக்குள் விமான நிலையத்துக்குப் பெயர்ந்து வருகிறது. குளிர்காலத்தில் பாதி கவுண்டர்கள் மூடிக் கிடக்கும் அதே கட்டடம், கோடையின் ஒரு சனிக்கிழமை மதியத்தில் மூச்சுவிட இடமில்லாமல் திணறும். டிக்கெட் எடுக்கும்போதே வாரநடுவில் ஒரு நாளையோ அதிகாலை விமானத்தையோ தேர்ந்தெடுக்க முடிந்தால், பிற எந்தத் தந்திரத்தையும்விட அது கூடுதலாக உதவும். பிள்ளைகளை விடியலுக்கு முன் எழுப்புவது கொடுமை என்று தோன்றும். மதிய நெரிசலில் அவர்களை நிற்க வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பயணக் குறிப்புகள் எழுதுபவர்கள் பெரும்பாலும் புறப்படும் நாளைப் பற்றியே எழுதுகிறார்கள். குடும்பத்தை உண்மையில் சோதிப்பது திரும்பும் நாள் என்பது என் எண்ணம். போகும்போது பிள்ளைகளுக்கு எதிரே ஒரு கடலோ கேளிக்கைப் பூங்காவோ காத்திருக்கிறது. அதைச் சொல்லியே அரை மணி நேரம் நிற்க வைத்துவிடலாம். திரும்பும்போது காத்திருப்பது பள்ளிக்கூடம். தூக்கம் கெட்டிருக்கிறது, தோல் வெயிலில் எரிகிறது, நேரம் தவறிச் சாப்பிட்ட வயிறு தகராறு செய்கிறது. பெரியவர்களும் களைத்திருக்கிறோம், ஆனால் பொறுமை நம்மிடம்தான் எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் திரும்பும் நாளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அந்த நாள் முந்தைய இரவே பெட்டி அடுக்குவதில் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனால் திரும்பும்போது பையில் ஏதாவது ஒரு சிப்பி இருக்கும். அதைத் தூக்கிப் போடச் சொன்னால் வீடே அதிரும். எல்லாச் சிப்பியும் குற்றமில்லை, ஆனால் சில இடங்களில் அது விளையாட்டுமில்லை. இத்தாலியின் சார்டினியாத் தீவில் கடற்கரை மணலையும் சிப்பிகளையும் எடுத்துச் செல்வதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது; அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை. கரீபியக் கடலில் கிடைக்கும் க்வீன் காங்க் என்னும் பெரிய சங்கு 1992 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. கல் பவளங்களும் அந்தப் பட்டியலில் உள்ளவையே. கடையில் காசு கொடுத்து வாங்கியது என்பதாலேயே சுங்கத்தில் விட்டுவிடுவார்கள் என்று நம்ப முடியாது. இந்தப் பேச்சை விமான நிலையத்தில் சீருடை அணிந்த ஒருவர் முன்னிலையில் வைத்துக்கொள்வதைவிட, கடற்கரையிலேயே சிப்பிகளை வரிசையாக அடுக்கி, ஒளிப்படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது. என் மகள் தன் சிப்பிகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து விடைபெற்றாள். நேரம் பிடித்தது, ஆனால் கண்ணீர் இல்லை.

நினைவுப் பொருட்களில் இன்னொரு பொறி, உள்ளே நீரும் மினுமினுப்பும் நிறைந்த கண்ணாடி உருண்டை. குலுக்கினால் பனி பெய்யும் அந்தப் பொம்மை சோதனை அதிகாரியின் கண்ணுக்கு வெறும் திரவம். விமானங்களில் வெடிபொருளைத் திரவ வடிவில் கொண்டுபோகும் சதி 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் முறியடிக்கப்பட்டது. அதன் பிறகே கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவக் கொள்கலன் கூடாது என்ற விதி உலகெங்கும் பரவியது. அதற்குக் கண்ணாடி உருண்டையும் தப்பவில்லை. வெயிலுக்குப் பூசும் களிம்பும் தப்பவில்லை. இப்போது புதிய வகை ஸ்கேனர்கள் வந்திருப்பதால் சில விமான நிலையங்கள் இந்த வரம்பைத் தளர்த்தியிருக்கின்றன. இதில்தான் குழப்பம். புறப்பட்ட ஊரில் தண்ணீர்ப் புட்டியோடு போக விட்டார்கள் என்பதற்காகத் திரும்பும் ஊரிலும் விடுவார்கள் என்று பொருளில்லை. குழந்தைக்கான பாலும் உணவும் மருந்தும் பொதுவாக இந்த வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றைப் பையின் அடியிலிருந்து தோண்டி எடுக்காமல், கேட்பதற்கு முன்பே தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

பெட்டி அடுக்கும்போது செய்ய வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஈரமான நீச்சல் உடைகளும் துண்டுகளும் எடையைச் சத்தமில்லாமல் கூட்டிவிடும். கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து பொருட்களை இடம் மாற்றும் குடும்பங்களை இத்தகைய விமான நிலையங்களில் எப்போதும் பார்க்கலாம். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட, பிள்ளைகள் அந்தத் திறந்த பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். முந்தைய நாளே உடைகளை உலர்த்திவிடுவது அலுப்பான வேலை என்றாலும் பயனுள்ளது.

விமான நிலையத்துக்கு எவ்வளவு முன்னதாகப் போவது என்பதில் எங்கள் வீட்டில் ஒருமித்த கருத்து கிடையாது. என் கணவர் கடைசி அழைப்புக்குக் கேட்டை அடைந்தால் போதும் என்ற கட்சி. நான் அதற்கு நேர் எதிர். ஆயினும் அதிக முன்னதாகப் போவதிலும் ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல விமான நிறுவனங்கள் பெட்டிகளைப் பெறும் கவுண்டரைக் குறிப்பிட்ட நேரத்துக்கு முன் திறப்பதே இல்லை. அதற்கு முன் போனால் பாதுகாப்புச் சோதனையைக் கடக்க முடியாது. உட்கார இடமில்லாத பொதுக் கூடத்தில் பெட்டிகளையும் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் காவல் காத்துக்கொண்டு நிற்க நேரும். கவுண்டர் திறக்கும் நேரத்தை விமான நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்து, அதைச் சற்று ஒட்டிப் போய்ச் சேர்வதே சரி. இருக்கைகளை இணையத்தில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்வதும் இங்கே உதவும். குடும்பத்தைப் பிரித்து உட்கார வைக்கும் கணினியோடு கவுண்டரில் நின்று வாதாடுவதற்கு அன்று யாருக்கும் தெம்பிருக்காது.

கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் பட்டையில் ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைக்கு அதைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். போர்டிங் பாஸில் இருக்கும் மூன்றெழுத்தும் பெட்டியில் இருக்கும் மூன்றெழுத்தும் ஒன்றா என்று என் மகள் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்ப்பாள். எழுத்துகள் சில நேரம் ஊர்ப் பெயரோடு பொருந்தாது என்பதும் அவளுக்குப் பிடித்த விஷயம். ஒர்லாண்டோவின் குறியீடு எம்.சி.ஓ. என்றிருப்பதற்குக் காரணம், அந்த இடம் முன்பு மெக்காய் என்ற விமானப்படைத் தளமாக இருந்ததுதான். வேலை கொடுத்தால் பிள்ளை நச்சரிக்காது என்ற சாதாரண உண்மையைத் தாண்டி, பெட்டி தவறான ஊருக்குப் போகாமலிருக்க இது நிஜமாகவே ஒரு காவல்.

பாதுகாப்புச் சோதனைதான் எல்லாவற்றிலும் கடினமான கட்டம். அந்தச் சில நிமிடங்களில் நம் கையில் இருக்கும் அனைத்தும் நம்மைவிட்டுப் போகின்றன, பிள்ளை உட்பட. ஸ்ட்ரோலரிலிருந்து குழந்தையைத் தூக்க வேண்டும், அதில் தொங்கும் பைகளை எடுக்க வேண்டும், அதை மடித்து எக்ஸ்ரே பெட்டிக்குள் செலுத்த வேண்டும். நுழையாவிட்டால் அதிகாரி கையால் சோதிப்பார். ஒரு கையால் மடிக்க முடியாத ஸ்ட்ரோலரை விடுமுறைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சிச் சொல்வேன். எங்களோடு வரும் ஸ்ட்ரோலரின் பின் சக்கரத்துக்கு மேலே ஒரு சிறிய தாழ் இருக்கிறது. அதைக் காலால் மிதித்து, கைப்பிடியை முன்னால் தள்ளினால் மடங்கிவிடும். சக்கரத்தில் கடல் மணல் ஏறியிருந்தால் அந்தத் தாழ் அசையவே அசையாது. ஆகவே கிளம்பும் நாள் காலையில் அதைக் குளியலறையில் கழுவிவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

பொருட்களைவிடப் பிள்ளைகளின் பொம்மையே அங்கே பெரும் பிரச்சினை. கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கும் துணிப் பொம்மையும் எக்ஸ்ரேக்குள் போயாக வேண்டும். என் மகன் தன் முயலைத் தர மறுத்து, ரப்பர்த் திரை அதை விழுங்குவதைப் பார்த்து, “அம்மா, உள்ளே இருட்டா இருக்குமே, அதுக்குப் பயமா இருக்காதா?” என்றான். அங்கே தர்க்கம் பேசிப் பயனில்லை. நான் அவனோடு இந்தப் பக்கம் நிற்க, என் கணவர் முதலில் கடந்துபோய் மறுபக்கம் நின்று, வெளியே வந்த முயலைத் தூக்கிக் காட்டினார். மகன் தானாகவே நடந்து போனான். அன்று முதல் ஒரு பெரியவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், இன்னொருவர் பின்னால் என்பதே எங்கள் ஒழுங்கு. ஒற்றைப் பெற்றோராகப் பயணம் செய்பவர்கள் அதிகாரியிடம் தயங்காமல் உதவி கேட்கலாம். பல இடங்களில் குடும்பங்களுக்கென்றே தனி வரிசை இருக்கிறது. அது அறிவிப்புப் பலகையில் எங்கோ ஓரமாக இருப்பதால் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

பிள்ளை தொலைந்துபோவது பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு, அதைப் பற்றி வீட்டில் பேசுவோர் குறைவு. அன்று காலை அணிந்திருக்கும் உடையோடு ஒவ்வொரு பிள்ளையையும் செல்பேசியில் ஓர் ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்; பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. தொலைபேசி எண்ணை, நாட்டின் குறியீட்டு எண்ணோடு சேர்த்து, பிள்ளையின் கையில் எழுதலாம் அல்லது சட்டையின் உட்புறம் ஒட்டலாம். எங்களைக் காணவில்லை என்றால் தேடிக்கொண்டு நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறோம். கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டால் தகவல் மையத்தின் குறியைத் தேட வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அந்தக் குறி புரியும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 1974ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட 34 சித்திரக் குறிகளின் வழிவந்தவையே இன்று பல நாடுகளில் நாம் காணும் கழிப்பறை, பெட்டி, தகவல் மையக் குறிகள். அத்தொகுப்பில் தகவல் மையத்துக்குக் கேள்விக்குறி. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆங்கில ‘ஐ’ எழுத்து. இரண்டையும் வரைந்து காட்டினால் பிள்ளைகள் அதை நம்மைவிட விரைவாகக் கண்டுபிடிப்பார்கள்.

கடவுச்சீட்டுச் சோதனையில் தானியங்கி வாயில்களைப் பார்த்ததும் அந்தப் பக்கம் ஓடத் தோன்றும். சிறு பிள்ளைகளுக்கு அவை பயன்படுவதில்லை. பிரிட்டனில் 10 வயது நிரம்பிய பிள்ளைகள் பெரியவர்களோடு அவற்றின் வழியே போக 2023இல்தான் அனுமதிக்கப்பட்டார்கள். பல நாடுகளில் வயது வரம்பு இன்னும் கூடுதல். குழந்தைகளின் முகம் மாறிக்கொண்டே இருப்பதால் இயந்திரம் அடையாளம் காணத் திணறும். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகள் சிறு பிள்ளைகளின் கடவுச்சீட்டை ஐந்தாண்டுக்கு மேல் தராததற்கும் அதுவே காரணம். கைக்குழந்தையாக எடுத்த படத்தையும் எதிரே நிற்கும் நாலு வயதுப் பையனையும் மாறி மாறிப் பார்க்கும் அதிகாரியிடம் சிரித்த முகத்தோடு காத்திருக்க வேண்டியதுதான். தாயோ தந்தையோ தனியாகப் பிள்ளையை அழைத்து வந்திருந்தால், மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருப்பது நல்லது. பிள்ளையின் குடும்பப் பெயர் வேறாக இருக்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் எளிதாக எழும்.

இவ்வளவையும் கடந்த பிறகு கேட்டில் காத்திருப்பு. சில நிலையங்களில் அதற்கு முன் ஒரு ரயிலும் ஏற வேண்டியிருக்கும். ஒர்லாண்டோவின் பழைய முனையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு ஓட்டுநர் இல்லாத சிறு ரயிலில் ஏறித்தான் விமானங்கள் நிற்கும் கட்டடத்துக்குப் போக முடியும். அங்கே போய்விட்டுக் கழிப்பறையோ சாப்பாடோ தேடித் திரும்புவது சுலபமல்ல. எனவே கேட்டுக்கு நேராக ஓடாமல், முதலில் கழிப்பறை, அடுத்து தண்ணீர், அதன்பின் பிள்ளைகள் ஓடுவதற்குக் காலியான ஒரு மூலை என்ற வரிசையில் போகிறோம். திரும்பும் நாளில் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு நான் எதிரி. விமானத்தில் மணிக்கணக்கில் உட்காரத்தான் போகிறார்கள், அதுவரை நடக்கட்டும். நகரும் நடைபாதையில் ஏறி இறங்குவதே அவர்களுக்கு ஒரு விளையாட்டு. எஸ்கலேட்டர் வேறு, மென்மையான ரப்பர்ச் செருப்பு அணிந்த பிள்ளையைப் படியின் ஓரத்தில் நிற்க விடக் கூடாது. ஸ்ட்ரோலரோடு இருந்தால் லிஃப்ட் மட்டுமே வழி.

சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் காத்திருப்பு வேறு வகையானது. 2016இல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை இன்று பல நாடுகளில் வழங்கப்படுகிறது. பச்சை நிறத்தில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள் போட்ட அந்தக் கழுத்துப் பட்டையை அணிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிரமம் இவருக்கு இருக்கிறது என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். விளக்கம் கேட்க மாட்டார்கள். அயர்லாந்தின் ஷானன் விமான நிலையம் 2017இல் மெல்லிய ஒளியும் அமைதியும் கொண்ட ஒரு தனி அறையையே திறந்தது. இப்படிப்பட்ட அறை இருக்கிறதா என்று கிளம்புமுன் விமான நிலையத்தின் வலைத்தளத்தில் தேடிப் பார்ப்பது பலன் தரும்.

விமானம் தாமதமானால் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதோடு நம் உரிமையையும் நினைவில் வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கு 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் விதிமுறை பொருந்தும். 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்தில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால் காத்திருக்கும் நேரத்துக்கேற்ப உணவும் பானமும் விமான நிறுவனம் தர வேண்டும். தூரம் கூடக் கூட இந்த வரம்பு மூன்று, நான்கு மணி நேரமாகும். கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

விமானத்தில் ஏற அழைக்கும்போது சிறு குழந்தைகளோடு வருபவர்களை முதலில் அழைப்பார்கள். எல்லோரும் அந்தச் சலுகையைப் பெரிதாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் அரை மனம்தான். விமானத்துக்குள் அரை மணி நேரம் முன்னதாகப் போவதென்றால், அந்த அரை மணி நேரமும் ஒரு பிள்ளையைப் பெல்ட்டில் கட்டி வைப்பது. ஒருவர் பைகளோடு முதலில் போய் இடம் பிடிக்கட்டும். மற்றவர் பிள்ளைகளோடு கடைசியில் போகட்டும். தனியாக வருபவருக்கு இது ஒத்துவராது. அவர் முதலிலேயே ஏறுவதுதான் நல்லது. கேபின் நிறைந்துவிட்டது என்று கேட்டிலேயே கைப்பையை வாங்கிக்கொண்டால், அதிலிருக்கும் பவர் பேங்கை எடுத்துக்கொள்ள மறக்கக் கூடாது. லித்தியம் மின்கலம் கொண்ட அவை சரக்கு அறைக்குப் போகக் கூடாதவை. பிள்ளையின் மருந்தும் ஒரு மாற்றுச் சட்டையும் அந்தப் பையில்தான் இருக்கும் என்பதையும் அந்த நொடியில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

காது வலி மேலே ஏறும்போதைவிடக் கீழே இறங்கும்போதே பிள்ளைகளைப் படுத்தும். பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி வரை உயரமுள்ள மலையில் இருப்பதைப் போலக் குறைந்திருக்கும். இறங்கும்போது அது மீண்டும் கூடும். நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் பிள்ளைகளுக்குக் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் எளிதில் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்வதில்லை. விழுங்கும் அசைவு அதைத் திறக்கும். பெரும்பாலான விமானங்கள் தரையிறங்க அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். எனவே பாலோ தண்ணீரோ அப்போது கொடுக்க வேண்டும், சக்கரம் தரையைத் தொடும்போது கொடுத்தால் தாமதம். தூங்கும் பிள்ளையை எழுப்ப மனம் வராது. எழுப்பத்தான் வேண்டும்.

இறங்கியபின் ஸ்ட்ரோலர் எங்கே வரும் என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில நிலையங்களில் விமானத்தின் கதவருகே கொண்டுவந்து தருவார்கள். சிலவற்றில் பெட்டிகளோடு கன்வேயர் பெல்ட்டில் வரும். இன்னும் சிலவற்றில் பெரிய பொருட்களுக்கான தனிக் கதவு வழியாக, கூடத்தின் மறுகோடியில் வந்து சேரும். கேட்காதவர்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தவறான இடத்தில் காத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் கேட்டுவிட்டு ஏறுவதால், ஒருவர் நேராக அந்தக் கதவுக்குப் போவார், மற்றவர் பிள்ளைகளோடு பெல்ட்டிலிருந்து நான்கடி தள்ளி நிற்பார். சுழலும் பெல்ட்டில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை என் மகனை இன்னும் விடவில்லை.